கடல் தாண்டும் கம்பி யாருக்குச் சொந்தம்?

புளியங்குடி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டீக்கடை. எலுமிச்சை மார்க்கெட்டில் சரக்கைப் போட்டுவிட்டு வந்த விவசாயிகள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தோம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மின்சாரக் கம்பி போடப் போகிற செய்தியைப் பத்திரிகையில் ஒருவர் படித்தார். இன்னொருவர் உடனே சொன்னார்:

"அண்ணாச்சி, நம்ம தோட்டத்து மோட்டாருக்கே கரண்டு வந்து வந்து போவுது. இதுல கடலைத் தாண்டிக் கம்பி போட்டா நமக்கென்ன, போடாட்டா நமக்கென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிப்பதற்குரியதல்ல. நமக்கென்ன என்று ஜனங்கள் ஒதுங்கியிருக்கும் இடத்தில்தான் முதலாளிகள் கடை விரிக்கிறார்கள். ஆகவே அந்த விவசாயிக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

2025 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில், பிரதம மந்திரி மோடி சென்றிருந்தபோது, இரு நாடுகளுக்கும் இடையே மின்சாரத்தை ஏற்றுமதி இறக்குமதி செய்வதற்கான மின்பாதை பற்றி ஓர் உடன்பாடு கையெழுத்தானது. யோசனை புதியதல்ல. 2010லேயே சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மதுரையில் தொடங்கி அநுராதபுரத்தில் முடியும் பாதை. சுமார் 285 கிலோமீட்டர் நீளம், அதில் சுமார் 50 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் என்பது அன்று போட்ட கணக்கு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கம்பியை நாம் எதிர்க்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் விளக்கு அணைந்ததை நாம் மறக்கவில்லை. பனியன் தைக்கும் பெண்ணும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், ஆஸ்பத்திரி நோயாளியும் இருட்டில் தவித்தார்கள். நம் பக்கமோ, தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் சுரண்டையிலும் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் பேயாகச் சுழல்கின்றன. மிஞ்சும் மின்சாரம் அக்கரைக்குப் போவதும், அங்கே மிஞ்சுவது இக்கரைக்கு வருவதும் நல்ல காரியம்தான். அண்டை வீட்டுக்காரர் அடுப்பு எரிய நம் வீட்டு நெருப்பைக் கொடுப்பது தமிழன் அறிந்த பழக்கம்.

நம் கேள்வி வேறு. அந்தக் கம்பி யாருக்குச் சொந்தம்? அதில் பணம் போடும் தனி முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டம் எங்கே? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு முதல் கோபுரத்தை நடுங்கள் என்பதே நம் வாதம்.

ஒரே கம்பி, ஒரே சாவி

மின்பாதை மற்ற வியாபாரத்தைப் போன்றதல்ல. புளியங்குடியில் ஒரு கமிஷன் கடைக்காரர் எலுமிச்சைக்கு விலை குறைத்துக் கேட்டால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். மின்பாதையில் அடுத்த கடை கிடையாது. மன்னாருக்கு ஒரு கம்பி போட்ட பிறகு, போட்டிக்கு இன்னொரு கம்பியைக் கடலுக்கு அடியில் யாரும் போடமாட்டார்கள். செலவு கட்டாது. அதைப் பிடித்தவன் கையில்தான் இரண்டு நாட்டு விளக்குகளின் சாவியும் இருக்கும். இயற்கையிலேயே ஏகபோகமான தொழில் இது.

கடலடிப் பாதைக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். நீண்ட கடலடிக் கேபிளில் அதை அனுப்பினால், கேபிளை நிரப்புவதற்கே மின்னோட்டத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும். ஆகவே இக்கரையில் அதை உயர் அழுத்த நேர்மின்சாரமாக மாற்றி அனுப்ப வேண்டும்; அக்கரையில் மறுபடியும் மாறுமின்சாரமாக்க வேண்டும். இதற்கு இரு முனைகளிலும் மாற்று நிலையங்கள் தேவை. பெருஞ்செலவு அங்கேதான். அந்தச் செலவு முழுவதும், அதன் மேல் வட்டியும் லாபமும், கடைசியில் யூனிட் விலையில் ஏறும். யூனிட் விலையைக் கட்டுவது யார்? சங்கரன்கோவில் விசைத்தறியும், அநுராதபுரத்துக் குடிசையும்தான்.

இந்த லாபம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செலவுக் கணக்கு முறையில் நூறு ரூபாய் திட்டத்தில் எழுபது ரூபாய் கடன், முப்பது ரூபாய் சொந்த மூலதனம். கடனுக்கான வட்டி கட்டணத்தில் சேர்ந்துவிடும். பராமரிப்புச் செலவும், தேய்மானமும் சேர்ந்துவிடும். சொந்த மூலதனத்துக்கு 2019-24 காலத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த லாபம் 15.5 சதவீதம். 2024க்குப் பிறகு வரும் புதிய மின்பாதைகளுக்கு அதை 15 சதவீதமாக்கினார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 15 சதவீதம்! எலுமிச்சை கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுந்து, பறிகூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே பழத்தை விட்டுவிடும் நம் விவசாயிக்கு இப்படி யாராவது உத்தரவாதம் தந்ததுண்டா?

பொதுத்துறை நிறுவனத்துக்கும் இதே சதவீதம்தானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் பொதுத்துறையின் லாபம் பெரும்பகுதி சர்க்கார் கஜானாவுக்குத் திரும்புகிறது. தனி முதலாளியின் லாபம் அவன் பெட்டிக்குப் போகிறது. டெண்டர் முறையில் ஏலம் விட்டால் மலிவாகும் என்கிறார்கள். ஏலத்தில் ஜெயித்து முப்பது முப்பத்தைந்து ஆண்டுக்குப் பாதையை எடுத்தவனை, அதன் பிறகு எந்தப் போட்டி கட்டுப்படுத்தும்?

மூன்று எல்லைகள், மூன்று பாடங்கள்

நாம் ஜோசியம் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து அண்டை நாடுகளுக்கு ஏற்கனவே கம்பிகள் போயிருக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மேற்கு வங்காளத்தின் பகரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்குப் போகும் பாதை. 2013 அக்டோபரில் 500 மெகாவாட்டில் தொடங்கியது. பின்னர் 2018இல் இன்னொரு 500 மெகாவாட் சேர்ந்தது. இந்தப் பக்கம் பவர் கிரிட் என்னும் நம் பொதுத்துறை நிறுவனம். அந்தப் பக்கம் அவர்களுடைய பொதுத்துறை நிறுவனம். இரண்டு சர்க்கார் நிறுவனங்கள் கம்பி போட்டு, மாற்று நிலையம் கட்டி, ஓட்டிக் காட்டிவிட்டன. தனியார் வந்தால்தான் எல்லை தாண்டிய மின்பாதை சாத்தியம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது, பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபாருக்குப் போகும் பாதை. 2016 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்தியப் பக்கத்துப் பாதைக்காக ஒரு கூட்டுக் கம்பெனி ஏற்படுத்தினார்கள். அதில் ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமத்துக்கு 38 சதவீதம், பவர் கிரிட்டுக்கு 26, எஸ்.ஜே.வி.என். என்ற பொதுத்துறை நிறுவனத்துக்கு 26, நேபாள மின்சார அதிகார சபைக்கு 10. தனியாகப் பெரிய பங்காளி ஐ.எல்.&எஃப்.எஸ்.தான். 25 ஆண்டுக்குப் பாதையைப் பதிவு செய்து வாடகை கட்டும் பொறுப்பு நேபாளத்தின் தலையில்.

அந்தப் பெரிய பங்காளி என்ன ஆனான்? எல்.ஐ.சி.யின் பணமும், ஸ்டேட் பாங்கின் பணமும், ஜப்பானிய ஓரிக்ஸ் கம்பெனியின் பணமும் போட்டு, யாருக்கும் கணக்குக் காட்டாத தனியார் பாணியில் நடந்த அந்தக் குழுமம், 2018இல் கடனைக் கட்ட முடியாமல் குப்புற விழுந்தது. ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய் கடன்! 2018 அக்டோபர் 1ஆம் தேதி சர்க்காரே தலையிட்டு டைரக்டர்களை விலக்கிப் புதிய நிர்வாகத்தை வைக்க வேண்டியதாயிற்று. கம்பெனி விழுந்தபோதும் நேபாளத்துக்குப் போன கம்பி விழவில்லை. ஏன்? 62 சதவீதம் பொது நிறுவனங்களின் கையில் இருந்தது. தலைகீழாக, 62 சதவீதம் அவர்கள் கையில் இருந்திருந்தால்?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். ஜார்க்கண்டின் கோட்டாவில் அதானி குழுமம் 1,600 மெகாவாட் அனல் மின்நிலையம் கட்டியது. 2017 நவம்பரில் வங்கதேச மின்வாரியத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம். நிலக்கரி ஆஸ்திரேலியாவிலிருந்து, நிலம் ஜார்க்கண்டில், புகை சந்தால் மக்களின் மூச்சில், மின்சாரம் முழுவதும் வங்கதேசத்துக்கு, லாபம் அதானிக்கு. 2019இல் இந்த ஒரு மின்நிலையத்தையே சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அறிவித்து வரிச் சலுகையும் கொடுத்தார்கள். எல்லை வரையிலான கம்பியையும் அதே முதலாளியே போட்டான். மின்நிலையம் தன்னை இணைத்துக்கொள்ளப் போடும் தனிப்பாதைக்கு மின்பாதை லைசென்ஸ் தேவையில்லை என்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் உள்ள வசதி. பொதுப் பாதையை நடத்துகிறவன் மின்சார வியாபாரம் செய்யக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் தனிப்பாதை என்று பெயர் வைத்துக்கொண்டால் உற்பத்தியும் அவனே, கம்பியும் அவனே, விற்பனையும் அவனே!

2023 ஏப்ரலில் மின்சாரம் ஓடத் தொடங்கியது. ஓடுவதற்கு முன்பே, நிலக்கரி விலைக் கணக்கு அநியாயமாக இருக்கிறது, திருத்துங்கள் என்று வங்கதேசம் கேட்க வேண்டி வந்தது. 2024 அக்டோபர் 31ஆம் தேதி, பாக்கி வரவில்லை என்று சொல்லி அதானி கம்பெனி சப்ளையைப் பாதியாகக் குறைத்தது. பாக்கி இருந்தது உண்மைதான். கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாட்டு ஜனங்களின் விளக்கை அணைக்கும் சுவிட்சு ஒரு தனி முதலாளியின் விரலடியில் இருக்கலாமா? அதுதான் கேள்வி.

ஏழே நாளில் திருத்திய விதி

"தோழரே, இதையெல்லாம் கட்டுப்படுத்த விதிகள் இருக்கின்றனவே" என்று படித்தவர்கள் சிலர் நம்மிடம் சொல்வதுண்டு. இருக்கின்றன. எல்லை தாண்டிய மின்வியாபாரத்துக்கு 2016இல் ஒரு வழிகாட்டு விதி போட்டார்கள். 2018இல் அதை மாற்றி வேறொன்று. 2019இல் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள். 2021இல் நடைமுறை விதிகள். காகிதத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் காகிதம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள்.

நேபாளத்தில் ஒரு மின்நிலையத்தில் சீனாவின் பணமோ சீன ஒப்பந்தக்காரரோ சம்பந்தப்பட்டிருந்தால், அந்த மின்சாரத்தை வாங்க டில்லி சர்க்கார் மறுக்கிறது. யார் பணம், எந்த நாட்டுப் பணம், எத்தனை பங்கு என்று துருவித் துருவிக் கேட்கிறது. ஆக, எல்லை தாண்டும் மூலதனத்தைச் சர்க்காரால் கட்டுப்படுத்த முடியும்! சட்டம் போடலாம், சோதிக்கலாம், கூடாது என்று தள்ளலாம். முதலாளியின் கொடியைக் கேட்கத் தெரிந்த சர்க்காருக்கு அவனுடைய லாபத்தைக் கேட்க மட்டும் தெரியாதா?

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2024 ஆகஸ்டு 5ஆம் தேதி வங்கதேச ஜனங்கள் எழுச்சி கொண்டதால் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு ஓடினார். கோட்டா நிலையத்தின் முழு உற்பத்தியையும் வாங்க ஒப்புக்கொண்ட ஆட்சி கவிழ்ந்தது. ஆகஸ்டு 12ஆம் தேதி, சரியாக ஏழாம் நாள், டில்லி சர்க்கார் 2018 விதியைத் திருத்தியது. அண்டை நாட்டுக்கென்றே கட்டிய மின்நிலையம், அந்த நாடு தொடர்ந்து மின்சாரம் எடுக்காவிட்டாலோ பணம் தராவிட்டாலோ, இந்தியாவுக்குள்ளேயே விற்கலாம் என்று திருத்தம். அப்போது முழு உற்பத்தியையும் அண்டை நாட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்த ஒப்பந்த நிலையம் இந்தியாவில் எத்தனை? ஒன்றே ஒன்று. கோட்டா!

புளியங்குடி விவசாயி ஒரு மின் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு எத்தனை வருஷம் வரிசையில் காத்திருக்கிறான்! ஒரு முதலாளிக்கு மட்டும் ஏழே நாளில் தேசத்தின் விதியே வளைகிறது. வியாபாரம் லாபத்தில் ஓடினால் அது தனியார் திறமை. நஷ்டம் எட்டிப் பார்த்தால் அது தேசத்தின் பொறுப்பு. இதற்குப் பெயர் ஒழுங்குமுறையா?

அக்கரையிலும் அதே கதை

இலங்கைச் சகோதரர்கள் இந்தக் கதையை ஏற்கனவே ஒரு தரம் பார்த்துவிட்டார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் டெண்டர் இல்லாமல் அதானி குழுமத்துக்குப் போனது. மின்நிலையத்தோடு மின்பாதை வேலையும் சேர்த்தி. 2022 ஜூன் 9ஆம் தேதி போட்டி டெண்டர் அவசியமில்லை என்று இலங்கைப் பாராளுமன்றத்தில் மின்சாரச் சட்டத்தையே திருத்தினார்கள். மறுநாள் இலங்கை மின்சார சபையின் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன், இந்தியப் பிரதமரின் நெருக்குதலால் இது கொடுக்கப்படுகிறது என்று ஜனாதிபதி தம்மிடம் சொன்னதாகச் சாட்சியம் சொன்னார். ஜனாதிபதி மறுத்தார். சொன்னவர் தம் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டு, சில நாளில் ராஜிநாமாவும் செய்தார்.

2024 மே மாதம் யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்று 20 ஆண்டுக்கு விலை பேசினார்கள். மன்னார் ஜனங்களும், மீனவர்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தனர், வழக்குகள் போட்டனர். புதிய ஆட்சி வந்து விலை அதிகம், குறையுங்கள் என்றது. 2025 பிப்ரவரியில் அதானி கம்பெனி திட்டத்தை விட்டு விலகிக்கொண்டது. ஜனங்கள் கேள்வி கேட்டால் விலை பேச முடியும் என்பதற்கு இது சாட்சி. கேள்வி கேட்காவிட்டால் 20 ஆண்டுக்குக் கட்ட வேண்டியதுதான் என்பதற்கும் இதுவே சாட்சி.

இதிலிருந்து மதுரை-அநுராதபுரம் பாதைக்கு வருவோம். இந்தியக் கரை வரை நம் ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரம். அக்கரையில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அதிகாரம். ஒரே பாதையின் கட்டணத்தை இரண்டு பேர் இரண்டு கணக்கில் பார்ப்பார்கள். இக்கரையில் கேட்டால் அக்கரைச் செலவு என்பான். அக்கரையில் கேட்டால் இக்கரைச் செலவு என்பான். தகராறு வந்தால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு நடுவர் மன்றத்துக்கு ஓடுவான். ஆற்றுக்கு நடுவே நிற்பவனை எந்தக் கரைப் போலீஸ் பிடிப்பது? நடுக்கடலில் முழு லாபமும் மூழ்கிப்போகும், கணக்கு மட்டும் கரையேறாது. ஆகவே இரு நாடுகளும் சேர்ந்து ஒரே கூட்டு ஆணையத்தை அமைத்து, பாதை முழுவதற்கும் ஒரே கணக்கைப் பார்க்காமல் இதில் தனிப் பணத்தை நுழைய விடுவது தற்கொலைக்குச் சமம்.

பணம் இல்லை என்பது பொய்

"சர்க்காரிடம் பணம் இல்லை, முதலாளி பணம் போடட்டுமே" என்பது அடுத்த வாதம். பணம் யாருடையது என்று பார்ப்போம். கோட்டா நிலையத்துக்குக் கடன் கொடுத்தவை பி.எஃப்.சி.யும் ஆர்.இ.சி.யும். இரண்டும் மத்திய சர்க்காரின் பொதுத்துறை நிதி நிறுவனங்கள்! நம் பணத்தை வாங்கி முதலாளி முதலீடு செய்கிறான்; அதற்கு முதலீட்டாளர் என்று அவனுக்கு மாலை போடுகிறார்கள். கடன் கொடுக்க இருக்கும் பணம், சொந்தமாகக் கட்ட மட்டும் இல்லாமல் போகுமா?

2021 ஆகஸ்டில் தேசிய பணமாக்கல் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பொதுத்துறை போட்டு முடித்த மின்பாதைகளில் 28,608 கிலோமீட்டர் சுற்றுப் பாதையைத் தனியாரிடம் விட்டு 45,200 கோடி ரூபாய் திரட்டுவோம் என்றார்கள். கட்டிய பாதையை விற்பதும், புதிய பாதைக்குப் பணம் இல்லை என்பதும் ஒரே வாய்தான். வீட்டுக் கூரையைப் பிரித்து விற்றுவிட்டு, மழையில் நனைகிறோம், குடை வாடகைக்கு எடுப்போம் என்று சொல்கிறவனை ஊரில் என்னவென்று அழைப்பார்கள்?

தனியார் திறமைக்கும் ஓர் உதாரணம் சொல்கிறோம். 1990களில் மகாராஷ்டிராவில் டாபோலுக்கு என்ரான் வந்தது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்று ஒப்பந்தம். கட்டணம் தாங்காமல் 2001இல் மகாராஷ்டிர மின்வாரியம் வாங்குவதை நிறுத்தியது. நிலையம் மூடப்பட்டது. என்ரானும் அதே ஆண்டு திவாலானது. அவர்கள் போட்ட முடிச்சை அவிழ்க்கும் வேலை நம் பொதுத்துறை நிறுவனங்கள் தலையிலும் பாங்குகள் தலையிலும் விழுந்தது. ஒரு தரம் சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. நம் சர்க்கார் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது. ஏனென்றால் சுடுவது அதன் வாய் அல்ல, நம் வாய்.

கோபுரம் நிற்பது நம் நிலத்தில்

கடைசியாக, டீக்கடைத் தோழரின் தோட்டத்துக்கு வருவோம். கம்பி ஆகாயத்தில் தொங்குவதில்லை. கோபுரத்தின் நான்கு கால்களும் யாரோ ஒரு விவசாயியின் நிலத்தில் நிற்கின்றன. 400 கிலோவோல்ட் பாதைக்கு அகலம் ஏறத்தாழ 46 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பதினோரு ஏக்கருக்கு மேல். அதில் தென்னையும் மாவும் நிற்க முடியாது. எலுமிச்சை குட்டை மரம், பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பிக்கு அடியில் போர்வெல் லாரி நிற்க முடியாது. வீடு கட்ட முடியாது. அந்த நிலத்தை வைத்துக் கடன் கேட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். நிலம் நம் பெயரில். உரிமை கம்பியின் பெயரில்.

2022 ஜூலையில் மேற்கு வங்காளத்தின் பராக்காவில் மா, லிச்சித் தோப்புகளின் மேல் கோட்டா நிலையத்தின் கம்பி போனபோது விவசாயிகள் தடுத்தார்கள், போலீஸ் வந்தது, மோதல் நடந்தது, வழக்கு கல்கத்தா ஐகோர்ட்டுக்குப் போனது. அந்த விவசாயிகளுக்கும் வங்கதேசத்து விளக்குக்கும் விரோதம் இல்லை. அவர்கள் கேட்டது நியாயமான நஷ்டஈடும், "நீ சம்மதமா?" என்று ஒரு வார்த்தையும்தான்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பொதுத்துறை என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. ராய்கட்-புகளூர் உயர் அழுத்தப் பாதையைப் போட்டது பவர் கிரிட் என்ற பொதுத்துறைதான். கொங்கு நாட்டு விவசாயிகள் 2018 டிசம்பரில் உண்ணாவிரதம் கிடந்து போராட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1885இல் தந்திக் கம்பி போடுவதற்குச் செய்த சட்டத்தின் அதிகாரத்தைக் காட்டி, விவசாயியின் சம்மதம் இல்லாமலே கோபுரம் நட்டார்கள். தந்தி ஒழிந்தது, தந்திச் சட்டத்தின் அந்த அதிகாரம் மட்டும் மின்பாதைக்காக உயிரோடு வைக்கப்பட்டிருக்கிறது. கோபுர இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே 15 சதவீதம் வரை என்று 2015இல் மத்திய சர்க்கார் வழிகாட்டியது. போராட்டங்களுக்குப் பின் 2024இல் அது கோபுரத்துக்கு 200 சதவீதமும், கிராமங்களில் கம்பிப் பாதைக்கு 30 சதவீதமும் ஆயிற்று. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டளை அல்ல. அமல் செய்வது மாநிலங்களின் கையில். போராடினால்தான் சதவீதம் ஏறும் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. பொதுத்துறையிடமே இப்படிப் போராட வேண்டியிருந்தால், அந்த 1885ஆம் வருஷத்துச் சாட்டையை ஒரு தனி முதலாளி கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

நாம் கேட்பது

ஆகவே நாம் திட்டவட்டமாகக் கேட்கிறோம்:

1. மதுரை-அநுராதபுரம் பாதை இரு நாட்டுப் பொதுத்துறைக்கே சொந்தமாக இருக்க வேண்டும். எந்த வடிவில் தனிப் பணம் வந்தாலும் அது சிறுபான்மைப் பங்கைத் தாண்டக்கூடாது. நிர்வாகமும் சுவிட்சும் அதன் கைக்குப் போகக்கூடாது.

2. மின்சாரம் உற்பத்தி செய்து விற்கிறவன் எல்லை தாண்டும் கம்பிக்குச் சொந்தக்காரனாக இருக்கக்கூடாது. தனிப்பாதை என்ற ஓட்டையை அடைக்க வேண்டும்.

3. ஒப்பந்தம் முழுவதையும் கையெழுத்துக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். மதுரையிலும் மன்னாரிலும் ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.

4. இரு நாடுகளின் கூட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாதை முழுவதன் செலவையும் தணிக்கை செய்து, லாபத்துக்கு உச்சவரம்பு கட்ட வேண்டும். மின்சாரம் ஓடாத காலத்துக்கும் வாடகை என்ற விதி கூடாது. கம்பெனி திவாலானால் பாதை தேய்மானம் போக மீதி மதிப்பில் பொதுத்துறைக்கு வந்துவிட வேண்டும்.

5. பாக்கித் தகராறைக் காட்டித் திடீரென்று சப்ளையை வெட்டக்கூடாது. ஆஸ்பத்திரிக்கும் குடிநீருக்கும் போகும் மின்சாரத்தை எந்தத் தகராறும் தொடக்கூடாது.

6. கையெழுத்தான பிறகு ஒரு கம்பெனிக்காக விதியைத் திருத்துவதானால் பாராளுமன்றத்தில் வைத்துத்தான் திருத்த வேண்டும்.

7. நிலத்துக்குச் சம்மதமும் நஷ்டஈடும், கம்பி இருக்கும் வரை ஆண்டு வாடகையும் சட்டமாக வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? எது தேச விரோதம்? கம்பி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கம்பியால் யாரையும் கட்டக்கூடாது என்கிறோம்.

தாமிரவருணி தண்ணீரில் பாபநாசம் மின்நிலையம் 1944இல் ஓடத் தொடங்கியது. நம் சீமையின் கிராமங்களுக்கு, லாபம் வருமா என்று பார்த்து எந்த முதலாளியும் கம்பி இழுக்கவில்லை. பொது வாரியம் இழுத்தது; வாரியத் தொழிலாளி கம்பத்தில் ஏறி, சில நேரம் உயிரையும் கொடுத்து இழுத்தான். அந்த மரபில் அடுத்த கம்பி கடலைத் தாண்டட்டும். இக்கரை விவசாயியும் அக்கரை மீனவனும், இங்கே விசைத்தறித் தொழிலாளியும் அங்கே தோட்டத் தொழிலாளியும் ஒரே கட்டண ரசீதில் சந்திக்கப் போகிறார்கள். அதற்கு முன் போராட்டத்தில் சந்திக்க வேண்டும்.

டீக்கடையில் கேள்வி கேட்ட விவசாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்: "அப்ப கம்பி வருதான்னு கேக்கக் கூடாது அண்ணாச்சி. சாவி யார்கிட்டன்னு கேக்கணும்."

அதையே நாமும் கேட்கிறோம். ஊர் ஊராகக் கேட்போம், வாருங்கள்!